45 வெள்ளி மூலக்கூறுப் பெட்டி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் ஆறாம் படிவ உயிரியலுக்கு டியூஷன் தேடுவதே பெரும்பாடு. அதிலும் உயிர்வேதியியலை மட்டும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் ஈப்போவுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு எதிரே முதலில் வந்து நிற்பதும் அந்தப் பகுதியேதான். ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் உயிரியலின் முதல் தவணை உயிர் மூலக்கூறுகளில் தொடங்கி, நொதி, சுவாசம், ஒளிச்சேர்க்கை என்று போகிறது. பட்டம் முடித்தபின் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் எழுதப்போகிறவருக்கு இன்னும் கெடுபிடி: உயிரியல் பகுதி, வேதியியல் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய கால் பங்கு உயிர்வேதியியல். 20 அமினோ அமிலங்களின் வடிவமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலிய மருத்துவக் கல்லூரிகளுக்கான யூகேட் மட்டும் எழுதுகிறவர் இதை இங்கேயே மூடிவிடலாம்; அதில் அறிவியல் பாடமே கிடையாது.

தானாகப் படிக்கும் இவர்களிடம் இப்போது அடிக்கடி காண்பது ஷோப்பியில் கிடைக்கும் மூலக்கூறு மாதிரிப் பெட்டி. பெரிய பிராண்டு எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பெட்டி, கோலிக்குண்டு அளவில் வண்ண உருண்டைகள், செருகுவதற்குக் குச்சிகள். 45 வெள்ளிக்குள் முடிந்துவிடும். இந்தப் பணத்துக்கு அது எதைக் கற்றுத்தரும், எதைத் தராது என்பதுதான் கேள்வி. வடிவத்தைப் பொறுத்து விடை மாறும் கேள்விகளுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. எண்ணிக்கையைப் பொறுத்து விடை மாறும் கேள்விகளுக்கு இது நேர விரயம். அதற்கு ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டை போதும். ரப்பர் கொட்டைக்குக் கடைசியில் வருவோம்.

வாங்கும்போது முதலில் ஏமாறுவது துண்டுக் கணக்கில். "240 துண்டுகள்" என்று போட்டிருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் இணைப்புக் குச்சிகள். நீங்கள் பார்க்க வேண்டியது உருண்டைகளை, அதிலும் நீலத்தை. நிறங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், கந்தகம் மஞ்சள். நீல உருண்டையில் மூன்று துளை மட்டும் இருந்தால் அந்தப் பெட்டி கரிம வேதியியலுக்குச் சரி, உயிர்வேதியியலுக்குப் போதாது. நான்கு துளை உள்ள நீலம் குறைந்தது இரண்டு வேண்டும். படத்தில் துளை தெரியவில்லை என்றால் விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்த ஒரு விவரத்துக்காகவே இரண்டு நாள் காத்திருக்கலாம்.

ஏன் நான்கு துளை? அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசீனைக் கட்டிப் பார்த்தால் புரியும். இரண்டு கறுப்பு, ஒரு நீலம், இரண்டு சிவப்பு, ஆறு வெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் கிளைசீனுக்கு ஐந்து ஹைட்ரஜன்தானே என்பீர்கள். ஆறாவது வெள்ளை நீலத்தின் நான்காம் துளைக்கு. இதுதான் அமிலம் மிகுந்த நீரில் கிளைசீன் இருக்கும் கோலம். இனி ஒரே ஒரு விதி: நான்கு துளையும் நிரம்பிய நீலம் நேர்மின்சுமை ஒன்று, ஒரு துளை காலியாக நிற்கும் சிவப்பு எதிர்மின்சுமை ஒன்று. மற்றதெல்லாம் பூஜ்ஜியம். இப்போது கிளைசீன் நேர் ஒன்று.

பிஎச் ஏறுகிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது என்று வைத்துக்கொண்டு வெள்ளையை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். 2.34இல் முதலில் கழல்வது சிவப்பின் மேல் இருக்கும் வெள்ளை. சிவப்பு காலித் துளையோடு நிற்கிறது, நீலம் நிரம்பி நிற்கிறது. மொத்தச் சுமை பூஜ்ஜியம். 9.60இல் நீலத்தின் வெள்ளை ஒன்று கழல்கிறது, எதிர் ஒன்று. நடுவே நின்ற பூஜ்ஜிய நிலையின் இரு பக்கத்து எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 5.97. அதுதான் சமமின் புள்ளி, மொத்தச் சுமை பூஜ்ஜியமாக நிற்கும் பிஎச். பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: புத்தகத்தில் வரைந்திருக்கும் சுமையே இல்லாத உருவம்தான் நடுநிலை நீரில் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த பிஎச்சிலும் அந்த உருவம் பெரும்பான்மையாக இருப்பதில்லை. நீலத்தின் வெள்ளை முதலில் கழன்று, சிவப்பின் வெள்ளை அப்படியே இருந்தால்தான் அது வரும்; கழலும் வரிசை அதற்கு நேர்மாறு. தாளில் பத்து முறை வாசித்தாலும் பதியாத வரிசை, விரலால் இரண்டு முறை பிடுங்கினால் பதிந்துவிடுகிறது.

அடுத்து அஸ்பார்டிக் அமிலம். முழுதும் நிரம்பிய நிலையில் நான்கு கறுப்பு, எட்டு வெள்ளை, ஒரு நீலம், நான்கு சிவப்பு. பிடுங்கும் வரிசை 1.88, 3.65, 9.60. சுமை நேர் ஒன்றில் தொடங்கிப் பூஜ்ஜியம், எதிர் ஒன்று, எதிர் இரண்டு என்று இறங்குகிறது. பூஜ்ஜியம் முதல் இரண்டு எண்களுக்கு நடுவில் விழுவதால் சமமின் புள்ளி 2.77. மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பவர்கள் நிறைய உண்டு. தப்பு, பூஜ்ஜியம் எந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதோ அந்த இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். லைசினுக்கு நீலம் இரண்டு, இரண்டும் நான்கு துளை. சுமை நேர் இரண்டில் தொடங்குவதால் பூஜ்ஜியம் 8.95க்கும் 10.53க்கும் நடுவே தள்ளிப்போகிறது, 9.74. மூன்று துளை நீலத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதன் வாழும் உதாரணம் ரப்பர் பால் ஸ்டோரில் இருக்கிறது. ரப்பர் பாலில் உள்ள துகள்களைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வை எதிர்மின்சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு துகள்கள் மிதக்கும்வரை பால் பாலாக இருக்கிறது. அம்மோனியா ஊற்றினால் காரம் கூடி, சுமை குறையாமல் நிற்கும். பால் கெடாமல் தாங்கும். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் வந்து காலித் துளைகளை அடைக்கிறது, தள்ளும் சுமை போய்விடுகிறது, பால் உறைகிறது. சமமின் புள்ளியை நெருங்கும்போது புரதம் ஏன் படிகிறது என்று கேட்டால் இதே விடையை எழுதலாம்.

இரண்டாவது பயன் இடக்கை வலக்கைப் பிரச்சினை. அலனினுக்கு 13 உருண்டை: மூன்று கறுப்பு, ஏழு வெள்ளை, ஒரு நீலம், இரண்டு சிவப்பு. கட்டி முடித்ததும் நடுக் கார்பனின் தனி வெள்ளையை உங்கள் கண்ணை நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். கார்பாக்சில் (இரண்டு சிவப்பு உள்ள கிளை), பக்கக் கிளை, நைட்ரஜன் என்ற வரிசை கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் எல் வகை. எதிர்த்திசை என்றால் டி. ஏதாவது இரண்டைப் பிடுங்கி இடம் மாற்றினால் போதும், எல் டி ஆகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றின்மேல் ஒன்று பொருத்தப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் நான்கும் ஒன்றாக உட்காராது.

எம்கேட் எழுதுகிறவர்கள் இதில் விழும் பள்ளம் வேறு. ஆர், எஸ் என்று பெயரிடும் முறையில் மிகச் சிறிய அணுவை கண்ணைவிட்டு அப்பால் தள்ளிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முறையில் அதே ஹைட்ரஜன் கண்ணை நோக்கி. இரண்டையும் கலந்துவிட்டால் விடை தலைகீழ். கையில் மாதிரி இருந்தால் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் திருப்பி, எல்-அலனின் எஸ் என்று நீங்களே உறுதி செய்யலாம். பிறகு அதன் மெத்தில் கிளையில் ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகி, எடுத்த வெள்ளையை மஞ்சளில் மாட்டுங்கள். சிஸ்டீன் ஆகிவிட்டது. அணுக்கள் நின்ற இடம் மாறவில்லை, ஆனால் கந்தகம் வந்ததால் முன்னுரிமை வரிசை மாறி, எல் வகையாகவே இருந்தும் ஆர் என்று பெயர் பெறுகிறது. 20இல் இப்படி விதிவிலக்காக ஆர் ஆவது இது ஒன்றுதான். கிளைசீனுக்கு இடமும் கிடையாது வலமும் கிடையாது.

அமினோ அமிலங்களைக் கோர்க்கும் பெப்டைடு பிணைப்பில் இந்தப் பெட்டி பொய் சொல்லும். கவனம். அலனினின் கார்பாக்சிலில் இருந்து ஒரு சிவப்பும் வெள்ளையும், கிளைசீனின் நீலத்தில் இருந்து ஒரு வெள்ளையும் கழற்றி, இரண்டையும் இணைத்தால் 20 உருண்டை கொண்ட டைபெப்டைடு. மேசையில் மிஞ்சுவது ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை: தண்ணீர். இதுவரை நன்று. ஆனால் குட்டைக் குச்சியால் கார்பனையும் நைட்ரஜனையும் இணைத்ததும் அது காத்தாடி மாதிரி சுற்றும். உண்மையான பெப்டைடு பிணைப்பு அப்படிச் சுற்றாது. பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் அதற்கு உண்டு. பெட்டியை நம்பிப் படித்தவர் தேர்வில் "சுழலும்" என்று எழுதிவிட்டு வருவார்.

சரிசெய்யும் வழி பெட்டியிலேயே இருக்கிறது. அந்தக் கார்பனுக்கும் நான்கு துளை நீலத்துக்கும் நடுவே வளையும் நீளக் குச்சிகள் இரண்டைப் போடுங்கள். சிவப்பை ஒரே குச்சியில் நிறுத்தி ஒரு துளையைக் காலியாக விடுங்கள். மேலே சொன்ன விதிப்படி சிவப்பு எதிர், நீலம் நேர். புத்தகத்தில் அதிர்வு வடிவம் என்று இரண்டாவதாக வரைந்திருப்பது இதுதான். இப்போது திருகிப் பாருங்கள், அசையாது. மேசைமேல் வைத்தால் அந்தக் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், அதன் ஹைட்ரஜன், இரண்டு பக்கத்து ஆல்ஃபா கார்பன்கள் (அமினோ அமிலங்களின் நடுக் கார்பன்கள்) என்று ஆறு அணுவும் ஒரே தட்டில் படுக்கும். உண்மை இந்த இரண்டு வடிவத்துக்கும் நடுவில்.

குளுக்கோஸ் வளையத்துக்கு ஆறு கறுப்பு, ஆறு சிவப்பு, பன்னிரண்டு வெள்ளை. வெள்ளை போதவில்லை என்றால் வளையத்துக் கார்பன்களின் ஹைட்ரஜன் துளைகளைச் சும்மா விடலாம். ஐந்து கறுப்பையும் ஒரு சிவப்பையும் குட்டைக் குச்சியால் வட்டமாகக் கோர்க்க வேண்டும். நீளக் குச்சி வளையும் என்பதால் சுலபம் என்று அதை எடுப்பார்கள். வளையம் தொய்ந்து நாற்காலி வடிவமே வராது. குட்டைக் குச்சியில் கோர்த்தால் விரல் கொஞ்சம் வலிக்கும், ஆனால் மேசைமேல் வைத்ததும் நாற்காலியாக உட்காரும். ஒவ்வொரு கார்பனிலும் மிஞ்சும் இரண்டு துளைகளில் ஒன்று செங்குத்தாக, ஒன்று பக்கவாட்டில். மாஸ்கிங் டேப்பில் சின்னத் துண்டு கிழித்து 1 முதல் 5 வரை எண் ஒட்டுங்கள். இதைத் தவிர்த்தவர் யாரும் பாதி வழியில் குழம்பாமல் முடித்ததில்லை.

பெரிய கிளை எல்லாவற்றையும் பக்கவாட்டுத் துளையில் செருகினால் பீட்டா குளுக்கோஸ். சரிபார்க்க: மேலிருந்து பார்க்கும்போது எண்கள் கடிகார முள் திசையில் ஓட வேண்டும், அப்போது ஐந்தாம் கார்பனில் செருகிய ஆறாம் கார்பன் வளையத்துக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் நீங்கள் கட்டியது எல்-குளுக்கோஸ். எண்ணை எதிர்த்திசையில் மாற்றி ஒட்டி, ஆறாம் கார்பனையும் முதல் கார்பனின் சிவப்பையும் இடம் மாற்றுங்கள். முதல் கார்பனின் சிவப்பைப் பக்கத்தில் இருந்து செங்குத்துக்கு மாற்றினால் ஆல்ஃபா. தண்ணீரில் ஏறக்குறைய 64 சதவீதம் பீட்டாவும் 36 சதவீதம் ஆல்ஃபாவும் இருப்பது ஏன் என்பதற்குப் பாதிக் காரணம் கண்முன்னே தெரிகிறது: செங்குத்தாக நிற்கும் கிளைக்கு அதே பக்கத்துச் செங்குத்து அணுக்களோடு நெரிசல். நான்காம் கார்பனில் மட்டும் மாற்றினால் கேலக்டோஸ், இரண்டாம் கார்பனில் மட்டும் மாற்றினால் மேனோஸ். இரண்டு பெட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்தால் இரண்டு பீட்டா வளையங்களை இணைத்துப் பார்க்கலாம். ஒன்று குப்புறப் புரண்டால்தான் சேரும். சோற்றின் மாவுச்சத்துக்கும் செம்பனை மட்டையின் செல்லுலோஸுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தப் புரட்டல்தான். நம் வயிற்றில் ஆல்ஃபா இணைப்பை வெட்டும் நொதி உண்டு, செல்லுலோஸின் இந்த பீட்டா இணைப்புக்குக் கிடையாது.

இனி குறைகள். வார்ப்பில் மிஞ்சிய பிசிறு துளை வாயில் ஒட்டியிருக்கும். பிளேடால் சுரண்டாமல் அழுத்திச் செருகினால் குச்சி உள்ளே மாட்டிக்கொள்ளும். பெட்டியோடு ஒரு சின்ன கவை வரும், குச்சியை நெம்பி எடுக்க. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பல்லால் கடித்து இழுப்பவர்களின் பெட்டியில் முதலில் போவது கறுப்பு உருண்டையின் துளை விளிம்பு. நேராக இழுக்க வேண்டும். சாய்த்து ஒடித்தால் குச்சியின் கழுத்து வெளுத்துப்போய் அடுத்த முறை முறியும். நிறைய இறுக்கமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுக்கலாம். நீளக் குச்சிகளை வளைத்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் வளைந்தே நின்றுவிடும். கூட வரும் விளக்கத்தாளில் சீனமும் ஆங்கிலமும்தான்; அதில் இருப்பதும் மீத்தேன், எத்தனால் வகையறா. உயிர்வேதியியலுக்கு அந்தத் தாள் உதவாது.

பாஸ்பரஸ் சொற்பம். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபிக்கு மூன்று பாஸ்பரஸும் பதின்மூன்று சிவப்பும் வேண்டும், இந்தப் பெட்டியில் அது நடக்காது. நடந்தாலும் 47 உருண்டை கோர்த்துக் கற்றுக்கொள்வது எதுவுமில்லை. புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் ஆல்ஃபா சுருளும் அப்படியே. முதல் ஹைட்ரஜன் பிணைப்பைப் பார்க்கவே ஐந்து அமினோ அமிலம் தொடர வேண்டும், நீலம் தீர்ந்துவிடும். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்தபோது காகிதத்தில் சங்கிலியை வரைந்து மடித்துத்தான் அந்தச் சுருளைப் பிடித்தார். நீங்களும் அதையே செய்யலாம். பெப்டைடு தட்டுகளை மடிக்காமல், ஆல்ஃபா கார்பன் வரும் இடங்களில் மட்டும் இணையான கோடுகளாக மடித்துச் சுருட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், ஓர் அமிலத்தின் ஆக்சிஜன் நான்கு இடம் தள்ளி நிற்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜனைப் பிடிக்கும். முழுப் புரதத்தைப் பார்க்கப் புரதத் தரவு வங்கியின் இணையதளம் இலவசம், கைப்பேசியிலேயே சுழற்றலாம். நொதி வேகத்துக்கு வரைதாள் ஒன்றே போதும்.

கொழுப்பு அமிலத்துக்கு வருவோம், அதாவது ரப்பர் கொட்டைக்கு. பட்டணத்தைச் சுற்றிலும் செம்பனை. அதன் எண்ணெயில் ஏறத்தாழ 44 சதவீதம் பால்மிடிக் அமிலம், பெயரே பனையிலிருந்து வந்தது. அதைப் பெட்டியில் கட்ட 16 கறுப்பு, 32 வெள்ளை தேவை. வேண்டாம். பெட்டியை எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்கு: ஒலிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பைச் சுற்றி ஆறு கார்பன் மட்டும் கட்டி, சிஸ் வடிவில் (சங்கிலியின் இரு முனையும் ஒரே பக்கம்) சங்கிலி எப்படி முறிந்து திரும்புகிறது என்று பார்க்க. முறிந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்காது, ஆகவே இளகியே இருக்கும். 2 வெள்ளி 50 காசுப் பாக்கெட் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிப்போவது நேரான சங்கிலிகள் அடுக்கிக்கொள்வதால்.

மற்றதெல்லாம் எண்ணிக்கை. 16 ரப்பர் கொட்டையை வரிசையாக வையுங்கள், ஒன்று ஒரு கார்பன். கொழுப்பு அமிலத்தை உடல் எரிக்கும் பீட்டா ஆக்சிஜனேற்றம் ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டை வெட்டுகிறது. விரலால் வெட்டிக்கொண்டே எண்ணுங்கள்: ஏழு வெட்டு, எட்டு ஜோடி. எட்டு ஜோடி வந்ததால் எட்டுச் சுற்று என்று எழுதுவதுதான் நிரந்தரத் தவறு. கடைசி வெட்டில் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி கிடைக்கிறது, கட்டையை எட்டுத் துண்டாக்க ஏழு முறை அறுத்தால் போதும் என்பது போல. ஒரு ஜோடி என்பது ஓர் அசிட்டைல் கோஏ; எட்டு ஜோடிக்குத் தலா 10 ஏடிபி, 80. எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறுகளில், ஏழு சுற்றில் ஏழு என்ஏடிஎச்சுக்குத் தலா 2.5, ஏழு எஃப்ஏடிஎச்2வுக்குத் தலா 1.5, மொத்தம் 28. தொடக்கத்தில் அமிலத்தை உசுப்பச் செலவழிந்தது 2. மிச்சம் 106. பழைய புத்தகத்தில் 129 என்று இருக்கும். அது 2.5, 1.5க்குப் பதில் 3, 2 என்று முழு எண்ணில் போட்ட கணக்கு. குளுக்கோஸுக்கும் அப்படித்தான், பழையது 36 அல்லது 38, புதியது 30 அல்லது 32. போட்டோஸ்டாட் கடையில் வாங்கிய நோட்ஸில் ஒரு பக்கம் பழையதும் மறுபக்கம் புதியதும் கலந்து கிடக்கும். ஒரே கணக்குக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

காசுக்குத் தகுமா என்றால், எஸ்டிபிஎம் மட்டும் எழுதுகிறவர் ஒரு பெட்டியை மூன்று பேராகப் பங்கிட்டு வாங்கினால் போதும். முதல் தவணை முடிந்ததும் உயிரியலில் அதற்கு அதிகம் வேலை இருக்காது. எம்கேட்காரர் தனியாக ஒன்று வாங்கலாம், கரிம வேதியியலுக்கும் உதவும். கான் அகாடமியின் எம்கேட் காணொளிகள் இலவசம். காணொளி ஓடும்போதே கட்டுங்கள், பார்த்து முடித்தபின் அல்ல. 100 வெள்ளிக்கு மேல் போகும் பெரிய பெட்டிகளில் கூடுதலாக வருவது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும்தான். நீலம் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்டர் போடும்போது ஒரு விஷயம். லயத்து வீட்டுக்குத் தெருப்பெயர் கிடையாது. கூரியர்காரர் பொட்டலத்தைத் தோட்ட ஆபீஸில் போட்டுவிட்டுப் போனால் அது கிராணி மேசைக்கடியில் கிடக்கும். கடைத்தெருவில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுங்கள். வந்ததும் அங்கேயே பிரித்து, நீலத்தின் துளைகளை எண்ணிவிடுங்கள்; குறைந்தால் திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.